பழவேற்காடு: ஒரு கடற்கரைச் சிற்றூரின் வரலாற்றுச் சுவடுகள்

அறிவைத் தேடிப் பயணம் செய்தல் இஸ்லாமிய மரபில் தனிச்சிறப்புடையது. பூமியில் சுற்றிவந்து, முன்சென்றோரின் முடிவு எவ்வாறாயிற்று என்று பார்க்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் மனிதனை அழைக்கின்றது. ஒரேயொரு நபிமொழியை அதை அறிவித்தவர் வாயிலாக நேரில் கேட்பதற்காக ஒரு மாத காலம் பயணம் செய்து ஷாம் நாட்டுக்குச் சென்றவர் நபித்தோழர் ஜாபிர் (ரலி) அவர்கள். பிற்காலத்தில் மொராக்கோவிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நமது மஅபர்க் கரைக்கும் வந்து, மதுரை சுல்தானின் விருந்தினராகத் தங்கி, தாம் கண்டவற்றை எழுத்தில் விட்டுச் சென்றார். அவர் குறிப்பிடும் 'ஃபத்தன்' என்னும் துறைமுகம் இன்றைய எந்த ஊர் என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. பெருங்கப்பல்கள் வந்து நின்ற ஒரு பட்டினமே, அதைப் பற்றி அவ்வூரார் எழுதி வைத்தது நமக்குக் கிட்டாமையால், இடம் தெரியாமல் போய்விட்டது.

இத்தகைய படிப்பினையைப் பெற நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சென்னையின் மேற்குப் புறநகரில் ஆவடியை அடுத்துள்ள கோவில்பதாகையிலிருந்து புறப்பட்டால், செங்குன்றம், பொன்னேரி வழியாக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காடு இருக்கின்றது. காலையில் சென்று மாலையில் திரும்பிவிடலாம். ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் உப்பங்கழி, இடையில் சில தெருக்கள் என அமைந்த மீனவச் சிற்றூர் இன்று அது. ஆனால் சென்னை என்னும் பெயரை உலகம் அறிவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, மலாக்கா வணிகரும் பெகு நாட்டு வணிகரும் அறிந்திருந்த பட்டினம் அது.

அங்குச் செல்வோர் பெரும்பாலும் இரண்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். ஒன்று, ஏரியில் வந்திறங்கும் பூநாரைகள். மற்றொன்று, டச்சுக்காரரின் கல்லறைகள். அவ்வூரின் முஸ்லிம்களைப் பற்றி ஓரிரு சொற்களோடு நின்றுவிடுவதே வழக்கம். ஏன் அவ்வாறு ஆயிற்று? அவர்களுடைய சுவடுகளை எங்கே தேடுவது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரும் பெயரும்

வேல மரங்கள் செறிந்த இடம் வேற்காடு. ஆவடிக்கு அருகிலுள்ள திருவேற்காட்டின் பெயரும் அம்மரத்தால் அமைந்ததே. பழவேற்காடு என்பது 'பழைய வேற்காடு' எனப் பொருள்படும். விஜயநகர ஆட்சிக் காலத்தில் இவ்வூருக்கு அனந்தராயன் பட்டினம் என்றும், பிரளய காவேரி என்றும் பெயர்கள் வழங்கின. போர்த்துகீசியர் நாவில் இது 'பலியகாத்தே' ஆயிற்று. ஆங்கிலேயர் அதனைப் 'புலிகாட்' என்று சுருக்கினர்.

ஊரின் வாழ்வும் தாழ்வும் அதன் நீர்நிலையோடு பிணைந்தவை. இந்தியாவின் உவர்நீர்க் கழிகளில் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்த பெரிய கழி பழவேற்காடு ஏரியே. அதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் இருக்க, தென்கோடி மட்டும் தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. ஸ்ரீஹரிகோட்டாத் தீவு ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கின்றது. ஊருக்கு அருகிலுள்ள முகத்துவாரத்தின் வழியாகக் கடல்நீர் ஏரிக்குள் வந்து போகின்றது. தெற்கிலிருந்து ஆரணியாறு நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றது.

சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகங்கள் மிகக் குறைவு. பெரிய கப்பல்கள் கரையை நெருங்க முடியாமல் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். சலங்கு முதலிய சிறு படகுகளே சரக்கைக் கரைக்கும் கப்பலுக்குமாகச் சுமந்து செல்லும். அலை மோதும் திறந்த கரையைவிட, முகத்துவாரத்தின் உள்ளே அமைதியான கழியைக் கொண்ட ஊர் சிறு படகுகளுக்கு நல்ல புகலிடம். கழியின் வழியாக உள்நாட்டு நெசவூர்களின் சரக்கும் எளிதில் வந்து சேரும். இந்த அமைப்பே பழவேற்காட்டைத் துறைமுகமாக்கியது. முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் ஊரின் வாழ்வும் தூர்ந்துவிடும் என்பதை இன்றைய மீனவரும் நன்கு அறிவர்.

ஐரோப்பியருக்கு முன்

இங்கு முஸ்லிம்கள் குடியேறியதைப் பற்றி ஊரில் ஒரு செவிவழிச் செய்தி வழங்குகின்றது. அரபு நாட்டில் புதிய கலீஃபா ஒருவருக்குக் கப்பம் கட்ட மறுத்தமையால் நாடு கடத்தப்பட்ட மக்கள் 13ஆம் நூற்றாண்டில் நான்கு படகுகளில் வந்து இக்கரையோர ஊர்களில் இறங்கினர் என்பது அச்செய்தி. இதனை அப்படியே வரலாறாகக் கொள்ள இயலாது. கொடுங்கோலரின் பிடியிலிருந்து தப்பிக் கடல் வழியே வந்தோம் என்னும் மரபுக் கதை கொங்கணக் கரையின் நவாயத் மக்களிடமும், பாண்டிநாட்டுக் கரையோர முஸ்லிம்களிடமும் வேறு வேறு வடிவங்களில் உண்டு. அவற்றை ஒப்பிட்டு நோக்கினால் பொதுவான ஓர் உண்மை தெரிகின்றது: இம்மக்கள் படையெடுப்பின் வழியாக வந்தவர் அல்லர், கப்பலில் வந்து, இம்மண்ணிலேயே மணவுறவு கொண்டு, இம்மொழியையே தாய்மொழியாக்கிக் கொண்டவர்.

எழுத்துச் சான்று 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தெளிவாகக் கிடைக்கின்றது. ஏறத்தாழ 1516ஆம் ஆண்டளவில் தமது நூலை எழுதிய துவார்த்தே பார்போசா என்னும் போர்த்துகீசியர், பழவேற்காட்டை விஜயநகர அரசுக்கு உட்பட்ட சிறந்த துறைமுகமாகக் குறிப்பிடுகிறார். முஸ்லிம் வணிகரும் பிற வணிகரும் இங்கு நிறைந்திருந்தனர் என்றும், பெகுவிலிருந்து மாணிக்கக் கற்கள் வந்தன என்றும், இங்கிருந்து துணிகள் ஏற்றுமதியாயின என்றும் அவர் கூறுகிறார். அவர் காலத்தவரான தோமே பிரேஸ் மலாக்காவில் இருந்துகொண்டு எழுதிய நூலிலும், சோழமண்டலக் கரைத் துணி மலாக்காச் சந்தையில் பெற்றிருந்த முதன்மை விளங்குகின்றது. தென்கிழக்காசியாவின் மிளகு, சாதிக்காய், கிராம்பு ஆகியவற்றுக்கு மாற்றாக அம்மக்கள் விரும்பி ஏற்றது வெள்ளியை அன்று, நமது துணியைத்தான். ஆதலின் துணியை அனுப்பும் துறைமுகம் மணப்பொருள் வாணிகத்தின் திறவுகோலாயிற்று.

1565ஆம் ஆண்டில் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்தது. பேரரசின் தலைநகரை நம்பியிருந்த ஆடம்பரப் பொருள் வாணிகம் அதனோடு தளர்ந்தது. வடக்கே கோல்கொண்டா சுல்தான்களின் மசூலிப்பட்டினம் எழுச்சி பெற்றது. போர்த்துகீசியரின் கடற்கெடுபிடிகளும் சேர்ந்துகொண்டன. ஆயினும் பழவேற்காட்டின் துணிப்பெயர் மட்டும் மங்கவில்லை. அப்பெயரே டச்சுக்காரரை இங்கு வரவழைத்தது.

கோட்டையும் கல்லறையும்

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1610ஆம் ஆண்டில் வேங்கடபதி மன்னரிடம் இங்கு வாணிகம் செய்ய அனுமதி பெற்றனர். 1612ஆம் ஆண்டில் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர் அவர்களுடைய பண்டகசாலையைத் தாக்கி அழித்தனர். மறு ஆண்டே, அதாவது 1613இல், வெம்மர் வான் பெர்கம் என்பவரின் பொறுப்பில் 'கெல்டிரியா' கோட்டை எழுந்தது. சென்னையில் ஆங்கிலேயர் நிலம் பெற்றது 1639இல். ஆகவே இக்கோட்டை சென்னையைவிட 26 ஆண்டு மூத்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும் வரை சோழமண்டலக் கரையிலிருந்த டச்சு நிலையங்கள் அனைத்துக்கும் பழவேற்காடே தலைமை வகித்தது. இங்கு நாணயம் அடித்தனர், வெடிமருந்து செய்தனர். 1781க்குப் பின் கோட்டை ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்குமாகப் பலமுறை கைமாறி, 1824ஆம் ஆண்டு லண்டன் உடன்படிக்கையின்படி 1825இல் முற்றிலும் ஆங்கிலேயர் வசமாயிற்று. இன்று அங்கே காண்பது முட்புதர் மூடிய ஒரு மேடும், அதைச் சூழ்ந்த அகழியின் எச்சமுமே.

கோட்டை அழிந்தாலும் கல்லறைத் தோட்டம் நிற்கின்றது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள அதன் நுழைவாயிலில் இரு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் வருவோரை எதிர்கொள்கின்றன. உள்ளே எழுபதுக்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ளன. குடும்ப இலச்சினைகளும் டச்சு மொழி வாசகங்களும் செதுக்கப்பட்ட பெருங்கற்கள் அவற்றின்மீது கிடத்தப்பட்டுள்ளன. இறந்தவரின் பெயர், பதவி, பிறந்த நாள், மறைந்த நாள் ஆகியவை 300 ஆண்டுகளுக்குப் பின்னும் விரலால் தடவிப் படிக்கும் அளவுக்குத் தெளிவாக இருக்கின்றன. அவ்வெலும்புக்கூடுகள் மரணத்தை நினைவூட்டவே நிறுத்தப்பட்டவை. மறுமையின் நினைவு வருவதற்காகவே கப்ருகளை ஸியாரத் செய்யுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள் என்பதை அறிந்த நமக்கு அவற்றின் பொருள் அந்நியமானதன்று.

ஆனால் இக்கல்லறைகளின் முன் நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. இதே கம்பெனி 17ஆம் நூற்றாண்டில் இக்கரையிலிருந்து துணியை மட்டும் ஏற்றுமதி செய்யவில்லை. மனிதரையும் ஏற்றுமதி செய்தது. 1620களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள், போரும் பஞ்சமும் நேர்ந்தபோதெல்லாம், பசியால் தம்மையும் தம் மக்களையும் விற்க நேர்ந்தோர் ஆயிரக்கணக்கில் விலைக்கு வாங்கப்பட்டு, பழவேற்காடு முதலிய துறைமுகங்களிலிருந்து பத்தாவியாவுக்கு அடிமைகளாக அனுப்பப்பட்டனர். அவர்களுள் எந்தச் சமயத்தார் எத்தனை பேர் என்பதை எந்தக் கல்லும் சொல்லாது. வாங்கியவருக்குக் கல் இருக்கின்றது, விற்கப்பட்டவருக்கு இல்லை. கல்லில் இருப்பது மட்டுமே வரலாறு என்று கொள்வது எத்துணைப் பெரிய பிழை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எழுத்தின் ஆற்றலுக்கும் இவ்வூரிலேயே சான்று உண்டு. 1632 முதல் 1642 வரை பழவேற்காட்டில் டச்சுப் பாதிரியாராகப் பணியாற்றிய ஆபிரகாம் ரோஜர், பத்மநாபன் என்னும் பிராமணரிடம் கேட்டறிந்து, இந்து சமயத்தின் நம்பிக்கைகளையும் சடங்குகளையும் விரிவாகத் தொகுத்தார். அந்நூல் 1651இல் அச்சேறியது. ஐரோப்பாவில் இந்து சமயத்தைப் பற்றிய அறிவுக்கு அடித்தளமிட்ட நூல்களுள் அது ஒன்றாயிற்று. அதே பத்தாண்டுகளில், அதே ஊரில், அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்த முஸ்லிம்களைப் பற்றி அவ்வாறு கேட்டு எழுதிய ஒருவரும் இலர்.

கடல் கடந்த துணி

கல்லில் பெயர் பெறாத இவ்வூர், துணியில் பெயர் பெற்றது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஆண்கள் தொழுகைக்குச் செல்லும்போது உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு 'கைன் பெலிகாட்' என்று பெயர். 'கைன்' என்பது மலாய் மொழியில் துணி. 'பெலிகாட்' என்பது நமது பழவேற்காடு. நம் கடைகளில் 'பாளையகாட்' என்னும் பெயரில் விற்கப்பட்ட கைலியும் இவ்வூர்ப் பெயரின் மற்றொரு திரிபே என்பர். ஆங்கிலத்திலும் 'புலிகாட்' என்னும் சொல் வண்ணக் கட்டத் துணியைக் குறித்து, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நெசவாளர்கள் அதே பெயரில் போலித் துணி நெய்யும் அளவுக்குப் பரவியது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலும் சென்னைக் கரையின் கட்டத் துணி திருமண நாளிலும் ஈமச் சடங்கிலும் இன்றியமையாத பொருளாயிற்று.

இத்துணி அனைத்தும் பழவேற்காட்டின் தெருக்களிலேயே நெய்யப்பட்டது என்று எண்ணுதல் கூடாது. உள்நாட்டு நெசவூர்களில் தறிகள் இயங்கின. வணிகர் நெசவாளருக்கு முன்பணம் கொடுத்து, நீளம், அகலம், கட்டத்தின் அளவு, நிறம் ஆகியவற்றைக் குறித்து நெய்யச் செய்தனர். நெய்த பின் சாயமிடாமல், நூலுக்கு முன்னரே சாயமேற்றிப் பின் நெய்வதே கட்டத் துணியின் முறை. ஆகவே இருபுறமும் ஒரே தோற்றம் வரும். சிவப்பு நிறத்துக்கு இக்கரையின் மணற்பாங்கான நிலத்தில் விளையும் சாயவேரே மூலப்பொருள். வெளுக்க வெளுக்கப் பொலிவு கூடும் என்று பெயர் பெற்ற நிறம் அது. இறுதியில் எந்தத் துறையில் கப்பலேறியதோ, அத்துறையின் பெயரே துணியின் பெயராயிற்று.

கம்பெனியாரின் பெருந்தரகர்களாக இங்கு விளங்கியவர் மலையப்பச் செட்டி, சின்னண்ணச் செட்டி முதலிய செட்டி வணிகர். கடலோடும் வாணிகத்தில் கை தேர்ந்திருந்தவர் மரைக்காயரும் பிற முஸ்லிம் வணிகரும் ஆவர். மலாய் நாட்டில் 'சூலியா' என்று அழைக்கப்பட்டவர் இவர்களே. தென்கிழக்காசியத் துறைமுகங்களில் அவர்கள் துணியோடு இறங்கினர்; அங்கேயே பள்ளிவாசல்கள் எழுப்பினர்; மணம் புரிந்து தங்கினர். இன்று ஜாவாவின் ஒரு சிற்றூரில் ஜுமுஆவுக்குச் செல்லும் முதியவர், தாம் உடுத்தியிருப்பது ஒரு தமிழக மீனவ ஊரின் பெயர் என்பதை அறியாமலே உடுத்தியிருக்கிறார். பொன்னேரிப் பேருந்தில் பழவேற்காட்டுக்குப் பயணச்சீட்டு வாங்கும் நம்மவரும் அதை அறிவதில்லை.

பள்ளிவாசலும் நிழற்கடிகாரமும்

பழவேற்காட்டில் பெரிய பள்ளிவாசல், சின்னப் பள்ளிவாசல் என இரு பழைய பள்ளிவாசல்கள் உள்ளன. சின்னப் பள்ளிவாசல் 300 ஆண்டுப் பழமையுடையதாகக் கருதப்படுகின்றது. அங்குள்ள நிழற்கடிகாரம் ஊருக்கு வருவோர் தவறாமல் காணவேண்டிய ஒன்று. பலர் அதனை ஒரு வேடிக்கைப் பொருளாகப் பார்த்து நகர்ந்துவிடுகின்றனர். அதன் பின்னாலுள்ள கணக்கை அறிந்தால், இச்சமூகம் எழுதாமல் விட்ட அறிவின் ஒரு பகுதி அதில் தங்கியிருப்பது புலனாகும்.

தொழுகை நேரங்களுள் இரண்டு, நிழலைக் கொண்டு வரையறுக்கப்பட்டவை. சூரியன் உச்சி சாய்ந்து நிழல் நீளத் தொடங்கும் கணத்தில் லுஹர் நேரம் தொடங்குகின்றது. உச்சி வேளையில் இருந்த நிழலைக் கழித்து, எஞ்சிய நிழல் பொருளின் உயரத்துக்குச் சமமாகும்போது ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர் தொடங்குகின்றது. இரு மடங்காகும்போது ஹனஃபீ மத்ஹபின்படி தொடங்குகின்றது. கடற்கரையோரத் தமிழ் முஸ்லிம்களில் பலர் ஷாஃபிஈ மத்ஹபினராகவும், உள்நாட்டினரில் பெரும்பாலோர் ஹனஃபீ மத்ஹபினராகவும் இருப்பதால், இரு வழக்கும் நம்மிடையே உண்டு.

பழவேற்காடு வட அட்சரேகை 13 பாகை 25 கலை அளவில் இருக்கின்றது. ஒரு மீட்டர் உயரமுள்ள கோலை அங்கு நட்டால், டிசம்பர் 22ஆம் நாள் உச்சி வேளையில் அதன் நிழல் வடக்கு நோக்கி ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் நீளும். அன்று அந்நிழல் 175 சென்டிமீட்டர் ஆகும்போது ஷாஃபிஈ அஸர். 275 ஆகும்போது ஹனஃபீ அஸர். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலும் சூரியன் நேர் உச்சியில் நிற்பதால் நிழலே இராது. இடைப்பட்ட மாதங்களில் உச்சி நிழல் தெற்கு நோக்கி விழும். ஜூன் 21ஆம் நாள் அது ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் இருக்கும். இக்கணக்கை அறியாதவர் நிழற்கடிகாரத்தை அமைக்க முடியாது.

கைக்கடிகாரம் வந்த பின்னும் நிழற்கடிகாரம் ஏன் தேவைப்பட்டது என்னும் வினா எழலாம். 1906ஆம் ஆண்டு முதல் இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் வகுக்கப்பட்டது. அது கிழக்கு தீர்க்கரேகை 82 பாகை 30 கலையை அடிப்படையாகக் கொண்டது. பழவேற்காடு அதற்கு மேற்கே இருப்பதால், இங்கு உச்சிவேளை கடிகாரத்தின் 12 மணிக்கு வருவதில்லை. சராசரியாக ஒன்பது நிமிடம் பிந்தி வரும். அதுவும் நாள்தோறும் ஒன்றாக இராது. பிப்ரவரி நடுவில் ஏறத்தாழ 12.23க்கு வரும், நவம்பர் தொடக்கத்தில் 11.52க்கே வந்துவிடும். ஓராண்டுக்குள் அரை மணி நேர வேறுபாடு. அச்சிட்ட தொழுகை அட்டவணைகள் பரவாத காலத்தில், கடிகாரத்தை நம்பியவர் தவறியிருப்பார். நிழலை நம்பியவர் தவறியிருக்க மாட்டார். ஆகவே நிழலைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வதே முறையாக இருந்தது. வானியலைத் தொழுகைக்குத் துணையாகக் கொண்ட 'இல்முல் மீகாத்' என்னும் கலையை டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் அறிஞர் வளர்த்தனர். அக்கலையின் எளிய வடிவம் ஒரு மீனவ ஊரின் பள்ளிவாசலிலும் உயிரோடு இருந்தது என்பதற்கு இக்கல் சாட்சி.

எழுதாமல் விட்டது

இப்போது தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். பல நூற்றாண்டு இங்கு வாழ்ந்த முஸ்லிம்களின் வரலாறு ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை?

ஒரு காரணம் மதிப்புக்குரியது. கப்ருகளின்மீது கட்டடம் எழுப்புவதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். செல்வரும் வறியவரும் ஒரே மண்ணில், ஒரே எளிமையில் அடங்க வேண்டும் என்பது நமது நெறி. காயல்பட்டினம் போன்ற ஊர்களில் எழுத்துப் பொறித்த பழைய மீஸான் கற்கள் உண்டு எனினும், பொதுவாக நமது அடக்கத்தலங்கள் பெயரற்றவை. டச்சு வணிகரின் பெருங்கல்லுக்கு அருகில் நமது மண்மேடு தெரியாமல் போவது குறையன்று.

மற்றொரு காரணத்துக்கு அத்தகைய மதிப்பு இல்லை. கல்லறை எழுப்பாதிருப்பது மார்க்கம். எழுதி வைக்காதிருப்பது மார்க்கமன்று. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுத்தில் பதிவு செய்வதைப் பற்றியது. சிறியதாயினும் பெரியதாயினும் எழுதச் சோர்வடையலாகாது என்பது அதன் கட்டளை. ஹதீஸ் அறிவிப்பாளர் ஆயிரமாயிரவரின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தலைமுறை வாரியாகத் தொகுத்த 'தபகாத்' நூல்களைப் போல, மக்களின் வரலாற்றை நுணுகிப் பதிந்த முயற்சி உலகில் அரிது. அத்தகைய மரபின் வழிவந்த நாம் நமது ஊர்களின் வரலாற்றைப் பிறர் எழுதட்டும் என்று விட்டுவிட்டோம். கீழக்கரைச் சீதக்காதியின் வாணிக நடவடிக்கைகளை இன்று ஆண்டு வாரியாக அறிய விரும்புவோர் டச்சுக் கம்பெனியின் கடிதங்களைத்தான் நாட வேண்டியிருக்கின்றது. அக்கடிதங்கள் வாணிகப் போட்டியாளரின் பார்வையில் எழுதப்பட்டவை. விலையைச் சொல்லும், மனத்தைச் சொல்லா.

ஆயினும் அவற்றை ஒதுக்கிவிடுதல் ஆகாது. டச்சுக் கம்பெனியின் ஆவணங்களை 2003ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அவற்றின் ஒரு பகுதி நெதர்லாந்தின் ஹேக் நகரில் உள்ளது. ஒரு பகுதி நமது சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றது. டச்சு மொழியைக் கற்றுச் சோழமண்டலக் கரை முஸ்லிம்களைப் பற்றிய பகுதிகளைத் தமிழில் தர நமது கல்லூரிகளிலிருந்து ஓரிருவர் முன்வந்தாலும் பெரும்பயன் விளையும்.

அதைவிட அவசரமான பணி ஊரிலேயே இருக்கின்றது. ஆவணக் காப்பகத்தின் ஏடுகள் இன்னும் நூறாண்டு இருக்கும். முதியோரின் நினைவு இராது. பள்ளிவாசலின் பழைய திருமணப் பதிவேடுகள், வக்ஃபுப் பத்திரங்கள், வீட்டுக் கிரய ஓலைகள், பரணில் கிடக்கும் அரபுத் தமிழ்க் கிதாபுகள், கப்பலில் சென்று திரும்பாத மூத்தோரைப் பற்றிக் குடும்பங்களில் சொல்லப்படும் செய்திகள், படகின் உறுப்புகளுக்கும் காற்றின் வகைகளுக்கும் வழங்கும் சொற்கள் ஆகிய இவை எல்லாம் ஏடுகளே. பனையோலையில் பெட்டியும் கூடையும் முடையும் இவ்வூர் முஸ்லிம் பெண்களின் கைத்திறனும் அத்தகைய ஏடுதான். ஏரியில் எந்தக் குடும்பம் எந்நாளில் எவ்விடத்தில் வலை போடுவது என்று முறை வைத்துப் பகிரும் மீனவரின் 'பாடு' முறையை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். அதே அக்கறை ஊரின் மற்ற வழக்குகள்மீதும் திரும்ப வேண்டும்.

செல்வோர் கவனத்திற்கு

நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்கள் செல்வதற்கு ஏற்றவை. வடகிழக்குப் பருவமழை தணிந்த பின் பறவைகளையும் காணலாம். கோவில்பதாகையிலிருந்து சாலை வழியே செல்வோர் செங்குன்றம், தச்சூர் கூட்டுச்சாலை, பொன்னேரி வழியாகச் செல்லலாம். இரயிலில் செல்வோர் ஆவடியிலிருந்து சென்னை சென்ட்ரல் சென்று, கும்மிடிப்பூண்டி மார்க்க வண்டியில் பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம்.

ஏரியில் படகுப் பயணத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இங்குப் படகு கவிழ்ந்து, உல்லாசப் பயணம் வந்த 22 பேர் உயிரிழந்தனர். சுற்றுலாப் படகுகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. மீனவரை வற்புறுத்திப் படகேறுவது அவர்களுக்கும் நமக்கும் தீங்கு.

ஊரைச் சுற்றும் வரிசையையும் சற்றே மாற்றிக்கொள்வது நன்று. வழக்கமாகக் கல்லறையில் தொடங்கி ஏரியில் முடிப்பர். நண்பகலுக்குச் சற்று முன்னர் பள்ளிவாசலுக்குச் சென்று, அனுமதி பெற்று, நிழற்கடிகாரத்தின் அருகில் நின்று, நிழல் குறுகிக் குறுகி வந்து மீண்டும் நீளத் தொடங்குவதைக் காணுங்கள். லுஹரை ஜமாஅத்தோடு தொழுங்கள். பின்னர் அங்குள்ள பெரியவர் ஒருவரிடம் ஸலாம் சொல்லி அமர்ந்து, அவருடைய பாட்டனார் என்ன தொழில் செய்தார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொன்னபடியே, நாளும் இடமும் குறித்து எழுதிக்கொள்ளுங்கள். அதன் பின்னர் டச்சுக் கல்லறைகளுக்குச் சென்றால், எழுத்து என்பது ஒரு சமூகத்துக்கு என்ன செய்யும் என்பதை அக்கற்களே விளக்கிவிடும்.

ஃபத்தன் எங்கிருந்தது என்று நாம் இன்று தேடிக்கொண்டிருக்கிறோம். பழவேற்காட்டு முஸ்லிம்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்று நம் பேரர்கள் அவ்வாறு தேடி அலையாதிருக்க, ஒரு குறிப்பேடும் ஒரு நாள் பயணமும் போதும். அதற்கான நல்வாய்ப்பை வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக.